கோல் பிந்துவதும் இடுப்பு முந்துவதும்

உடலால் ஆற்றும் கலைகளைக் கற்போர், கண்ணாற் கண்டதையே கையாற் செய்ய முயன்று இடர்ப்படுதல் இயல்பு. நடனம் பயில்வோர் ஆசானின் பாதத்தைப் பார்க்கின்றனர். அப்பாதத்தை இயக்கிய இடையைப் பார்ப்பதில்லை. கல்லெறிவோனிடத்து அவன் கையே நமக்குத் தோன்றுகின்றது. அவன் ஊன்றி நின்ற காலும் திரும்பிய உடலும் தோன்றுவதில்லை. கோல்ஃப் என்னும் ஆட்டத்தில் இப்பிழை மிகப் பெரிதாக நிகழ்கின்றது. பந்து அசையாது கிடக்கின்றது. எறிவாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. எனினும் ஓங்கிய கோல் கீழிறங்கிப் பந்தை அடைதற்கு ஆகும் காலம் ஒரு வினாடியில் ஏறக்குறையக் கால் பங்கே. அத்துணைச் சிறு பொழுதில் நிகழ்வதைக் கண் பகுத்தறிய இயலாது. ஆகவே, கற்போர் தாம் கண்டதாக எண்ணியதையே செய்யத் தொடங்கிப் பல்லாண்டுகளை வீணாக்குகின்றனர்.

இவ்வாட்டத்தைப் பயில்வோர் நாவில் 'லாக்' என்னும் சொல் ஓயாது ஒலிக்கின்றது. பிந்துதல் என்பது அதன் பொருள். ஓங்கிய கோலைக் கீழே கொணருங்கால், கைகள் முன்னே வரக் கோலின் தலை பின்னே தங்கி, முன்கைக்கும் கோலின் தண்டிற்கும் இடையேயுள்ள கோணம் அவிழாது நிலைத்திருத்தலையே அச்சொல்லாற் குறிப்பர். தேர்ந்த ஆட்டக்காரரிடத்துக் கைகள் இடுப்பளவிற்கு இறங்குங்காலும் அக்கோணம் 90 பாகைக்கு அண்மையில் நிற்கும். பயிலாதாரிடத்தோ, கோல் இறங்கத் தொடங்கிய அப்பொழுதே, தூண்டிலை நீரில் வீசுவது போல, அஃது அவிழ்ந்துவிடும். அவிழவே, கோலின் தலை தன் வேகத்தைப் பந்தை அடையுமுன்பே காற்றிற் செலவிட்டுவிடுகின்றது; பந்து உயர எழுந்து, வலிமையின்றி, அண்மையில் வீழ்கின்றது.

இக்கோணத்தைக் காப்பது எங்ஙனம் என்பதே வினா. மணிக்கட்டை இறுக்கிக் கோணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுக என்பார் பலர். அக்கொள்கை பிழையுடைத்து என்பது எம் துணிபு. பிந்துதல் செய்யப்படுவதன்று, விளைவது. இடுப்பு முன்னே திரும்ப, மார்பு அதனைத் தொடர, தோளும் கையும் அதன்பின் வர, கோல் எல்லாவற்றிற்கும் பின்னே வருகின்றது. இவ்வரிசை செம்மையாயின் பிந்துதல் தானே உண்டாகும். வரிசை குலைந்தால் மணிக்கட்டை எத்துணை இறுக்கினும் பயனில்லை.

இதனை யாம் பட்டறிந்தே கூறுகின்றோம். யாம் இவ்வாட்டம் பயிலத் தொடங்கிய காலத்தில், எமக்குக் கற்பித்த ஒருவர், "பிடியுங்கள், பிடியுங்கள்" என்று ஒவ்வோர் அடிக்கும் கூவுவார். யாமும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் படத்தை நிலைக்கண்ணாடியில் ஒட்டி வைத்து, அவர் கோல் நின்ற கோணத்திலே எம் கோலையும் நிறுத்திப் பழகினோம். கண்ணாடியில் எம் உருவம் அப்படத்தை ஒத்திருந்தது. களத்திலோ பந்து தாழ்ந்து வலப்புறமே ஓடிற்று. எட்டுத் திங்கள் சென்றபின் எம் அடி முன்னையினும் குறுகியதேயன்றி நீளவில்லை. இடக்கைக் கட்டைவிரலின் அடியிலே நீங்காத வலி ஒன்றும் வந்து சேர்ந்தது. ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று எண்ணியிருந்தோம்.

அந்நாட்களில் ஒரு காலை, ஆற்றங்கரையிலே கல்லில் துணி துவைக்கும் முதியவர் ஒருவரைக் கண்டு நின்றோம். நனைந்த வேட்டியை அவர் தலைக்கு மேலோங்கி முதுகின்பின் விடுவார். துணியின் நுனி இன்னும் பின்னே சென்றுகொண்டிருக்கும்போதே அவர் முன்காலை அழுத்தி ஊன்றுவார். இடுப்பு கல்லை நோக்கித் திரும்பிவிடும். பின்னரே தோள் வரும். அதன்பின் கை வரும். எல்லாவற்றிற்கும் இறுதியிலே துணியின் நுனி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து கல்லிலே அறையும். ஓசை எழும்போது அவர் கை ஏறக்குறைய நின்றேவிட்டது. அத்துணியைப் பின்னே நிறுத்தி வைக்க அவர் யாதும் செய்திலர், செய்யவும் இயலாது. துணிக்கு விறைப்பு இல்லை. பிடித்து வைக்கக் கோணமும் இல்லை. எனினும் அதனினும் சிறந்த பிந்துதலை யாம் எக்களத்திலும் கண்டதில்லை. எட்டுத் திங்களாக யாம் தேடியது கையில் இல்லை என்பது எமக்கு அன்றே புலனாயிற்று.

அறிவியலாரும் இதனையே கூறுகின்றனர். பிரிட்டனில் அலாஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர், அறிவியலறிஞர் குழு ஒன்றின் ஆராய்ச்சியைத் தொகுத்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டனர். கோல்ஃப் வீச்சினை அவர்கள் இரு தண்டுகளாக எளிமைப்படுத்திக் காட்டினர். மேல்தண்டு மார்பின் நடுவை அச்சாகக் கொண்டு சுழலும் கைகள், கீழ்த்தண்டு கோல், இரண்டையும் இணைப்பது மணிக்கட்டு என்னும் கீல். மேல்தண்டு சுழலத் தொடங்குங்கால், கீழ்த்தண்டு தன் எடையினாலேயே பின்தங்குகின்றது. சுழற்சியின் வேகம் மிகுந்தவழி, அஃது தானே வெளிநோக்கி வீசப்பட்டுக் கீல் அவிழ்கின்றது. அவிழுங்கால், மேல்தண்டின் ஆற்றல் கீழ்த்தண்டிற்குச் செல்ல, கைகள் மெலிகின்றன. கோலின் தலையோ பன்மடங்கு விரைகின்றது. வண்டியோட்டியின் சாட்டை நுனி சொடுக்குவதும் இம்முறையாலேயே. சிறந்த தொழில்முறை ஆட்டக்காரரின் நெடுங்கோல் மணிக்கு 110 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பந்தைச் சந்திப்பது, அவர் கைகள் அவ்வேகத்தில் ஓடுவதாலன்று. கைகளின் வேகம் கோலுக்கு உரிய காலத்திற் கைமாறுவதாலேயே.

இனி, மணிக்கட்டை இறுக்குவோர் செய்வது யாதென நோக்குக. அவர் கீலைத் துருப்பிடிக்கச் செய்கின்றனர். துருவேறிய கீல் பின்தங்கவும் செய்யாது. உரிய காலத்தில் அவிழவும் செய்யாது. மேலும், கோலும் பந்தும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் காலம், ஒரு வினாடியை 2000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே. அதற்குள் எவரும் எதையும் திருத்திக்கொள்ள இயலாது. கோணத்தைப் பிடித்து வைத்துப் பந்தினருகே 'விட்டுவிடலாம்' என்பது மனித நரம்பிற்கு ஆகாத செயல். விடுமுன்னரே பந்து சென்றுவிடும். கோலின் முகம் திறந்தே நிற்கும். எமது பந்து வலப்புறமே ஓடியதன் காரணம் இதுவே.

மணிக்கட்டிற்கு வேலையே இல்லை என்று யாம் கூறவில்லை. கோல் ஓங்கும்போது அஃது மடிதல் வேண்டும். இறங்கத் தொடங்குகையில் அவசரப்பட்டு நிமிராதிருத்தல் வேண்டும். அதற்குத் தேவை தளர்ந்த பிடியும் பொறுமையுமே, இறுக்கமன்று.

படங்களைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஒற்றைப் படம் ஒரு கணத்தை மட்டும் காட்டும். அக்கணத்திற்கு முன் எவ்வுறுப்பு தொடங்கிற்று, எது தொடர்ந்தது என்பதை அது காட்டாது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன், 1938-இல் டென்ஸ்மோர் ஷூட் என்னும் ஆட்டக்காரரின் வீச்சினை அடுத்தடுத்து மின்னும் ஒளியினால் ஒரே படத்திற் பல நிலைகளாகப் பதிவு செய்தார். இத்தகைய படங்களில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள இடைவெளியே வேகத்தின் அளவு. கோலின் தலை பந்தை நெருங்க நெருங்க அதன் இடைவெளி விரிவதைக் காணலாம். கற்பவர் ஒற்றைப் படத்தைக் கண்ணாடியில் ஒட்டுதலை விடுத்து, இத்தகைய படத்தையோ, மெதுவாக ஓடவிட்ட அசைபடத்தையோ பார்த்து, எது முந்திற்று, எது பிந்திற்று என்று வினவுவாராயின், பாதி வழி கடந்தவராவார்.

இடுப்பு முந்துதல் வேண்டும் என்றோம். அஃது எவ்வாறு முந்துதல் வேண்டும் என்பதை இனி ஆராய்வோம். ஈண்டு வலக்கை ஆட்டக்காரரையே கருதுகின்றோம். இடக்கையார் மாற்றிக் கொள்க.

பென் ஹோகன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் 1957-இல் வெளியிட்ட தம் பாடநூலில், கீழ்வீச்சினைத் தொடங்குவது இடுப்பே என்று அழுத்தமாக எழுதினார். 1949-இல் பேருந்து மோதி இடுப்பெலும்பு முறிந்து, மறுபடி நடப்பதே அரிது என்று கருதப்பட்ட நிலையிலிருந்து மீண்டு, 1950-இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றவர் அவர். இடுப்பின் அருமையை அவரினும் நன்கு உணர்ந்தார் இலர் எனலாம். ஆயினும் அவர் உரையைப் படித்தோர் பலர் அதனைப் பிழையாகக் கொண்டு, இடுப்பை வெறிகொண்டாற்போலச் சுழற்றுகின்றனர். ஹோகன் இளமையிற் பந்து இடப்புறம் வளைந்தோடும் குறையினால் நெடுங்காலம் வருந்தியவர். அக்குறைக்கு மருந்தாக அமைந்தவற்றை, பந்து வலப்புறம் வளையும் குறையுடையோர் அப்படியே உட்கொண்டால் நோய் மிகுமேயன்றித் தணியாது.

இடுப்பின் இயக்கம் இரு பகுதிகளை உடையது. கோல் உச்சியை அடையுமுன்பே உடலின் எடை இடப்பாதத்தை நோக்கிச் சிறிது நகர்தல் முதற்பகுதி. அவ்வாறு ஊன்றிய காலின் மேலே இடுப்பு இலக்கை நோக்கித் திரும்புதல் இரண்டாம் பகுதி. ஓங்கிய நிலையில் இடுப்பு ஏறக்குறைய 45 பாகையும் தோள் 90 பாகையும் திரும்பியிருக்கும். பந்தை அடிக்கும் கணத்தில் தேர்ந்தோரின் இடுப்பு, தொடக்க நிலையையும் கடந்து, இலக்கின் பக்கமாக 30 முதல் 45 பாகை வரை திறந்திருக்கும். தோள் அத்துணை திறந்திராது. இவ்வேறுபாடே வரிசை செம்மையாய் உள்ளது என்பதற்குச் சான்று.

இதிற் கற்போர் செய்யும் பிழைகள் மூன்று. எடை நகர்வதோடு நின்றுவிட்டு, திரும்பாமல் இடுப்பு பக்கவாட்டில் வழுக்கிச் செல்லுதல் ஒன்று. எடை நகராமலே நின்ற இடத்திற் சுழலுதல் மற்றொன்று. அவ்வழித் தோளும் உடன் சுழன்று, கோல் வெளியிலிருந்து உள்ளாக வெட்டும். பந்தை நோக்கி இடுப்பை முன்தள்ளி உடலை நிமிர்த்துதல் மூன்றாவது. இம்மூன்றாவதே மிகப் பலரிடம் காணப்படுவது. இடுப்பு முன்வந்தால் கைகள் செல்ல இடமில்லை. இடமில்லாக் கைகள் மணிக்கட்டை அவிழ்த்து வழி தேடும். பிந்துதல் இல்லை என்று வருந்துவோர் பலர் தம் மணிக்கட்டையே நொந்துகொள்கின்றனர். நோக வேண்டியது இடுப்பையே.

இது வெறும் அடியின் நீளத்தைப் பற்றிய செய்தியன்று. உடல் நலத்தைப் பற்றியதுமாம். கோல்ஃப் ஆடுவோர்க்கு வரும் நோவுகளுள் கீழ்முதுகு வலி மிகப் பரவலானது. முதுகின் கீழ்ப்பகுதியிலுள்ள ஐந்து கணுக்களும் திரும்புதற்கென அமைந்தவையல்ல. ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பக்கூடியது ஏறக்குறைய 10 பாகையே. திரும்புதற்கு இயற்கை அமைத்த இடங்கள் தொடையெலும்பு இடுப்பிற் பொருந்தும் மூட்டுக்களும், மார்பின் பின்னுள்ள முதுகெலும்புமேயாம். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து மூட்டு இறுகியவர், இடுப்பு திரும்பாத குறையைக் கீழ்முதுகினால் நிரப்புகின்றார். முதுகு சில காலம் பொறுக்கும், பின்னர்ப் பொறாது.

இதனாலேயே, ஓங்கும்போது இடுப்பை அசையாமல் நிறுத்தித் தோளை மட்டும் முறுக்குக என்னும் போதனையை எல்லார்க்கும் பொதுவாக்குதல் தகாது என்கின்றோம். ஜிம் மக்லீன் என்னும் அமெரிக்க ஆசிரியர், தோளின் திருப்பத்திற்கும் இடுப்பின் திருப்பத்திற்கும் உள்ள வேறுபாடே அடியின் வலிமைக்கு மூலம் என்று 1992-இல் எழுதினார். அது பெரும்புகழ் பெற்றது. வலிமைக்கு அது உதவும் என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆயின் இளமையும் நாள்தோறும் பயிற்சியும் உடைய தொழில்முறையாளர்க்கு ஆவது, வாரத்தில் ஒரு நாள் ஆடுவோர்க்கு ஆகாது. 1930-இல் நான்கு பெரும்போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்ற பாபி ஜோன்ஸ் இடுப்பைத் தாராளமாகத் திருப்பி, இடக்குதிகாலை நிலத்தினின்று எழவிட்டே ஆடினார். பெரும்பட்டங்கள் 18 வென்ற ஜாக் நிக்லஸும் குதிகாலை எழவிட்டவரே. 1986-இல் தம் 46-ஆம் வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றவரும் அவரே. குதிகால் எழுந்தால் இடுப்பு எளிதிற் பின்திரும்பும். மீண்டும் அக்குதிகாலை நிலத்தில் ஊன்றுதலே கீழ்வீச்சின் தொடக்கமாகவும் அமையும். மூட்டு இறுகியோர்க்கு இதனினும் எளிய வழி யாம் அறியோம்.

இனி, எம் கொள்கைக்கு மறுப்பாக ஒருவரைக் காட்டுதல் கூடும். எர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் ஆங்கில ஆட்டக்காரர், முதல் உலகப் போரில், 1916-இல், வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். இழந்த சில திங்களுக்குள், ஒற்றைக் காலில் நின்றே ராயல் நார்விச் களத்தை 83 அடிகளில் ஆடி முடித்தார். பின்னர் அமெரிக்கா சென்று இவ்வாட்டத்தின் ஆசிரியராய் விளங்கிய அவர், உறுப்புக்களைப் பற்றி எண்ணற்க, கோலின் தலையை வீசுக, உடல் தானே பின்தொடரும் என்று கற்பித்தார். கால் ஒன்று இல்லாதவரே இங்ஙனம் ஆடினாராயின், இடுப்பைப் பற்றி இத்துணை பேசுவது எற்றுக்கு என்று வினவலாம்.

வினா நன்றே. ஆயின் அவர் தம் மாணாக்கர்க்குக் காட்டிய கருவியை நோக்குக. கைக்குட்டையின் ஒரு முனையிற் சிறு பேனாக்கத்தியைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து வீசிக் காட்டுவார். கைக்குட்டை வளையும் பொருள். அதனை வலிந்து இழுத்தால் கத்தி ஒழுங்காகச் சுழலாது. வீசினால் மட்டுமே சுழலும். ஆற்றங்கரை முதியவரின் வேட்டியும் ஜோன்ஸின் கைக்குட்டையும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன: நுனியைப் பிடித்து வைக்க எவராலும் ஆகாது. ஆகவே மணிக்கட்டை இறுக்குவோர்க்கு ஜோன்ஸ் துணையாகார். உறுப்புக்களைத் தனித்தனியே எண்ணிக் குழம்பற்க என்னும் அவர் எச்சரிக்கையை மட்டும் யாம் தலைமேற் கொள்கின்றோம். பயிற்சியில் இடுப்பை எண்ணுக. ஆட்டத்தில் இலக்கை மட்டும் எண்ணுக.

பயிலும் முறை பற்றிச் சில கூறி முடிப்போம்.

முதலாவது, கோலைத் தலைகீழாக, தலையின் பக்கம் பிடித்து வீசிப் பாருங்கள். காற்றைக் கிழிக்கும் ஓசை எங்கே எழுகின்றது என்று செவியால் உணருங்கள். வலத்தோளருகே எழுந்தால் கோணம் முன்பே அவிழ்ந்தது. பந்திருக்கும் இடத்தைக் கடந்து எழுந்தால் வரிசை செம்மையாயிற்று. கண்ணாடி கூறாத உண்மையைச் செவி கூறும்.

இரண்டாவது, இரு பாதங்களையும் ஒன்றுசேர்த்து நின்று கோலை ஓங்குங்கள். கோல் உச்சியை அடையுமுன்பே இடப்பாதத்தை இலக்கின் பக்கம் ஓரடி எடுத்து வைத்து, அதன்பின் வீசுங்கள். கோல் பின்செல்லக் கால் முன்செல்லும் இப்பயிற்சியில் இடுப்பு முந்தாமல் இருக்க இயலாது.

மூன்றாவது, சுவரிற் பின்புறம் படுமாறு குனிந்து நின்று, கோலின்றியே திரும்பிப் பழகுங்கள். ஓங்குங்கால் வலப்புட்டமும், இறங்குங்கால் இடப்புட்டமும் சுவரைத் தொடுதல் வேண்டும். சுவரைவிட்டு விலகினால் இடுப்பு பந்தை நோக்கி முன்தள்ளிற்று என்று அறிக.

நான்காவது, இடப்பாதத்தைச் சிறிது வெளிநோக்கித் திருப்பி வைத்து நில்லுங்கள். ஹோகனும் அங்ஙனமே கூறினார். அது இடுப்பு முழுதும் திரும்ப வழிவிடும். முழங்காலின் சுமையையும் குறைக்கும்.

ஐந்தாவது, நாள்தோறும் சிறிது நேரம் இடுப்பு மூட்டிற்கென ஒதுக்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை அகல ஊன்றி, முழங்கால் ஒவ்வொன்றையும் உள்நோக்கி மெல்லச் சாய்த்தல் ஒன்றே பலர்க்குப் போதும். வலி தோன்றின் நிறுத்துக. முன்பே முதுகு நோவுடையோர் மருத்துவரைக் கேளாது எதுவும் தொடங்கற்க.

இவற்றைப் பாதி வேகத்திலேயே செய்யுங்கள். இம்முறையால் ஒரே திங்களில் அடி நீளும் என்று யாம் உறுதி கூறவில்லை. எமக்கு முதல் ஆறு வாரமும் பந்து திசைதோறும் சிதறிற்று. உடன் ஆடியோர் நகைத்தனர். அதன்பின் ஒருநாள், சிறிதும் முயலாதது போன்ற ஒரு வீச்சிலே பந்து நெடுந்தூரம் நேரே சென்றது. கையில் அதிர்ச்சியே தோன்றவில்லை. கட்டைவிரல் வலியும் நாளடைவில் நீங்கிற்று.

மாணவ நண்பர்களே, விரைந்து அடிக்க விரும்புவோர் விரைய வேண்டியது கையாலன்று. அடித்தளம் முன்னே நகர, நுனி தன் காலம் வருமளவும் காத்திருத்தல் வேண்டும். காத்திருத்தல் சோம்பலன்று, அஃது ஒழுங்கின் ஒரு பகுதி. ஆசிரியராய் இருப்போர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. இளைஞர் கையிற் கோலைக் கொடுத்த முதல் நாளிலேயே கோணத்தைக் காட்டி மருட்டாதீர்கள். நிலத்தில் ஊன்றவும் இடுப்பைத் திருப்பவும் முதலிற் கற்பியுங்கள். கோல் தன் வேலையைத் தானே அறியும்.